அயர்லாந்து மேலவையில் ஒரு செனட்டர் பேசியதெல்லாம்: எரக்டஸ் இணையதளம், ஒரு மதிப்புரை

அயர்லாந்து நாடாளுமன்றத்துக்கு ஐரிஷ் மொழியில் எரக்டஸ் என்று பெயர். மேலவை ஷானட், கீழவை டாயில். ஷானட்டில் பேசப்பட்டவை, 1922 டிசம்பர் 11 அன்று கூடிய முதல் அமர்வு தொடங்கி இன்றைய அமர்வுகள் வரை, எரக்டஸின் சொந்த இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணக்குத் தொடங்க வேண்டாம், கட்டணமும் இல்லை. ஒரு செனட்டரின் பக்கத்தைத் திறந்தால் அவர் பேசியவை தேதி வரிசையில் வந்து நிற்கும்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பேச்சின் வாசகம் வேண்டும் என்றால் இதைவிட நம்பகமான இடம் கிடையாது. ஆனால் அந்த உறுப்பினர் பக்கத்துப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ‘இவர் நிறையச் செய்திருக்கிறார், அவர் ஒன்றும் செய்யவில்லை’ என்று முடிவுகட்டினால் கணக்கு தப்பும். மேலவையின் ஒரு நாள் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் அந்தப் பட்டியல் பயன்படும். தளமோ அதைச் சொல்லித் தருவதில்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் இந்த மதிப்புரை இவ்வளவு நீளம்.

சோதித்துப் பார்க்கத் தோதான ஆள் டேவிட் நோரிஸ். டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பட்டதாரிகளின் தொகுதியிலிருந்து 1987-இல் தேர்வாகி, 2024 ஜனவரியில் விலகும்வரை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருந்தவர். 18-ஆவது ஷானட் தொடங்கி 26-ஆவது வரை ஒன்பது அவைகள். அச்சுத் தொகுதிகளின் காலமும் இணையத்தின் காலமும் அவர் பதிவுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. கட்சி சாராதவர் என்பதால் கொறடா சொல்லித் தந்த பேச்சு என்ற சந்தேகமும் இல்லை. பழைய காலத்துக்கு கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ். அவர் 1922 முதல் 1928 வரை செனட்டர். இடைக்காலத்துக்கு மேரி ராபின்சன், 1969 முதல் 1989 வரை.

அவையின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உறுப்பினர் பக்கத்தின் தலைப்பே புரியாது. மொத்தம் 60 பேர். 11 பேரைப் பிரதமர், அதாவது தீஷக், நியமிக்கிறார். 6 பேரைப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் தேர்ந்தெடுக்கிறார்கள். மீதி 43 பேர் ஐந்து தொழிற்பிரிவுகளிலிருந்து வருகிறார்கள்: நிர்வாகம் 7, வேளாண்மை 11, பண்பாடும் கல்வியும் 5, தொழிலும் வணிகமும் 9, தொழிலாளர் 11. இந்த 43 பேருக்கு மக்கள் நேரடியாக வாக்களிப்பதில்லை. புதிய டாயில் உறுப்பினர்கள், பதவி முடியும் செனட்டர்கள், நாடெங்குமுள்ள 949 உள்ளாட்சி உறுப்பினர்கள் ஆகியோர்தான் வாக்காளர்கள். துறை வல்லுநர்களை மேலவைக்கு நியமிக்கும் வழக்கத்தை நம் மாநிலங்களவையின் 12 நியமன இடங்களுக்கு இந்திய அரசியல் சட்டம் எடுத்துக்கொண்டது அயர்லாந்திடமிருந்துதான். அதனால் தமிழ் வாசகருக்கு இந்த அமைப்பு முழுக்க அந்நியமானதில்லை.

இதில் முதல் வழுக்கல் இருக்கிறது. ஒருவர் பெயருக்குக் கீழே ‘வேளாண்மைப் பிரிவு’ என்று இருந்தால் அவர் பேச்சில் பயிரும் மாடும் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பிரிவு என்பது பெரும்பாலும் தேர்தல் வழி மட்டுமே. உள்ளாட்சி உறுப்பினர்களின் வாக்கில் வந்தவர் தன் மாவட்டத்துச் சாலையையும் மருத்துவமனையையும் பற்றி அதிகம் பேசுவார், அது இயல்பு.

இனி தேடும் முறை. தளத்தில் இரண்டு வாசல்கள். ஒன்று உறுப்பினர் பக்கம், மற்றொன்று விவாதங்களுக்கான தேடல். உறுப்பினர் பக்கத்தில் தொடங்குவதே சுலபம். இப்போதைய உறுப்பினர்கள் முதல் பட்டியலிலேயே இருப்பார்கள். முன்னாள்களுக்கு எந்த ஷானட் என்பதை மாற்ற வேண்டும். நோரிஸைத் தேட 26-ஐத் தேர்ந்தெடுங்கள், 27-இல் அவர் இல்லை. அந்த அவை 2025 ஜனவரித் தேர்தலில் அமைந்தது.

விவாதத் தேடலில் நான்கு விஷயங்களை நிரப்பினால் போதும்: எந்த அவை, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, உறுப்பினர் பெயர். சொல் தேடலைக் கடைசியில் சேருங்கள். முதலிலேயே சொல்லைப் போட்டுத் தேடினால் நூறாண்டுக் குவியல் வந்து விழும். தேதி வரம்பை மூன்று நான்கு வாரத்துக்குள் குறுக்குவது நல்லது. 1993-இல் ஓரினச்சேர்க்கையைக் குற்றமற்றதாக்கிய சட்டத்தின்போது நோரிஸ் பேசியது வேண்டுமா? ஜூன் 15 முதல் ஜூலை 7 வரை வைத்து, ஷானட்டை மட்டும் தேர்ந்தெடுத்து, பாலியல் குற்றங்கள் குறித்த அந்தக் குற்றவியல் மசோதாவின் தலைப்பைப் பாருங்கள். அரை நிமிடத்தில் கிடைத்துவிடும். அதைப் படிக்கும்போது பின்னணி நினைவில் இருக்க வேண்டும். ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய பழைய சட்டத்தை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கை அயர்லாந்து உச்ச நீதிமன்றம் 1983-இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தள்ளியது. 1988-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் அவருக்கு வாதாடிய மேரி ராபின்சன், 1993-இல் குடியரசுத் தலைவராக இருந்தார். மசோதா அவர் கையெழுத்துக்குத்தான் போனது. இவ்வளவும் பின்னால் இருக்க, ஒரு மனிதர் எழுந்து அந்த மசோதாவைப் பற்றிப் பேசுகிறார். அந்தப் பக்கத்துக்காகவே இந்தத் தளத்தைப் பாராட்டலாம்.

தேதி வரம்பில் ஒரு பள்ளம் உண்டு. 1922-இல் அமைந்த ஐரிஷ் சுதந்திர அரசின் பழைய ஷானட் 1936 மே மாத இறுதியில் ஒழிக்கப்பட்டது. புதிய அரசியல் சட்டத்தின்படி அமைந்த ஷானட் 1938 ஏப்ரலில்தான் கூடியது. இடைப்பட்ட காலத்துக்கு எதைத் தேடினாலும் வெறுமைதான் வரும். 1937 அரசியல் சட்ட வரைவு பற்றி ஷானட் என்ன சொன்னது என்று தேடித் தேடிச் சலித்துவிட்டு, தளம் பழுது என்று நினைப்பவர்கள் உண்டு. தளத்தில் பழுதில்லை, அப்போது அவையே இல்லை.

பெயர்த் தேடலில் இன்னொரு சிக்கல். ‘யேட்ஸ்’ என்று தேடினால் இரண்டு பேர் கலந்து வருவார்கள். கவிஞரின் மகன் மைக்கேல் யேட்ஸும் செனட்டர்தான். 1951 முதல் 1954 வரையும், பிறகு 1961 முதல் 1980 வரையும் இருந்தார். எனவே தேதியைப் போடாமல் குடும்பப் பெயரை மட்டும் போடாதீர்கள். பழைய பதிவுகளில் முழுப் பெயர் இல்லாமல் குடும்பப் பெயர் மட்டுமே அச்சாகியிருக்கலாம். அச்சுப் பக்கங்களிலிருந்து கணினிக்கு ஏற்றிய பதிவுகள் என்பதால் 1920-களிலும் 30-களிலும் எழுத்துப் பிழைகள் ஆங்காங்கே இருக்கின்றன. பிழையான சொல் தேடலில் மாட்டாது. ஒரு சொல் கிடைக்கவில்லை என்றால் அந்த நாளின் பதிவைத் திறந்து கண்ணால் ஓட்டிப் பார்ப்பதே வழி.

மைக்கேல் யேட்ஸின் பக்கம் மற்றொரு பாடத்தையும் தருகிறது. 1969 முதல் 1973 வரை அவர்தான் அவைத் தலைவர், ஐரிஷில் கஹிர்லாக். தலைவர் நாற்காலியில் இருப்பவர் பேசுவது அவர் பெயரில் அச்சாவதில்லை, பதவியின் பெயரில்தான் அச்சாகும். அந்த நான்கு ஆண்டுப் பதிவை வெறும் பெயரால் தேடினால் மனிதர் மௌனமாக இருந்தது போலத் தோன்றும். இதற்கு நேர்மாறும் நடக்கிறது. தலைவர் எழுந்து போகும்போது வேறொரு செனட்டர் சிறிது நேரம் நாற்காலியில் அமர்வார். ‘அடுத்தவர் பேசலாம்’, ‘நேரம் முடிந்தது’ என்று அவர் சொல்லும் ஒவ்வொரு வரியும் அவருடைய ‘பங்களிப்பு’ என்று எண்ணிக்கையில் ஏறிவிடக்கூடும். எண்ணிக்கையை வைத்து செனட்டர்களுக்குத் தரவரிசை போடும் கட்டுரைகளை நம்பாமல் இருக்க இந்த ஒரு காரணமே போதும்.

எண்ணிக்கை கெடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஒருவர் பேசும்போது யாராவது குறுக்கிட்டால் பேச்சு இரண்டாக உடையும், இரண்டு பதிவாகும். ஆறு முறை குறுக்கிட்டால் ஏழு. சண்டை அதிகமுள்ள நாளில் ஒரே பேச்சு பத்துப் பங்களிப்பாகிவிடும், அமைதியாகக் கேட்கப்பட்ட நல்ல உரை ஒன்றாகவே நிற்கும். டாயில் உறுப்பினரோடு செனட்டரை ஒப்பிடுவது இன்னும் மோசம். டாயில் உறுப்பினர்கள் அமைச்சர்களிடம் எழுத்து மூலமும் வாய்மொழியாகவும் கேள்வி கேட்கலாம், அவை ஆயிரக்கணக்கில் சேரும். செனட்டருக்கு அந்த உரிமையே இல்லை. அவர் பக்கத்தில் கேள்விகள் பகுதி காலியாக இருந்தால் அது சோம்பலுக்குச் சான்று ஆகாது.

அப்படியானால் செனட்டர் அமைச்சரிடம் எங்கே கேட்கிறார்? நாளின் தொடக்கத்தில் எடுக்கப்படும் ‘தொடக்க விவகாரங்கள்’ பகுதியில். செனட்டர் ஒரு குறிப்பிட்ட பொருளை எழுதித் தருவார், அவைத் தலைவர் சிலவற்றைத் தேர்ந்தெடுப்பார், அமைச்சரோ இணை அமைச்சரோ வந்து பதில் படிப்பார், அதற்கு மேல் ஒரு குறுகிய துணைக் கேள்வி. உள்ளூர்ப் பள்ளிக் கட்டடம், ஒரு மருந்தின் அனுமதி, ஒரு பாலம் என்று பிடித்துக்கொள்ளத்தக்க பொருள்கள் இங்கேதான் கிடைக்கும். ஒரு செனட்டரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் இதைத்தான் முதலில் படிக்கச் சொல்வோம். கேள்வியும் பதிலும் ஒரே பக்கத்தில் இருக்கும். பதில் எழுதித் தந்த துறை ஒன்று, வந்து படிக்கும் இணை அமைச்சர் வேறு துறை என்பது அடிக்கடி நடக்கிறது. துணைக் கேள்விக்கு ‘அமைச்சரிடம் தெரிவிக்கிறேன்’ என்று முடிந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். பழைய ஆண்டுகளில் இதே வகை விவாதம் நாளின் முடிவில், ‘ஒத்திவைப்பு விவகாரங்கள்’ என்ற தலைப்பில் நடந்தது. நோரிஸின் 1990-களைத் தேடும்போது இந்தப் பழைய தலைப்பைத்தான் போட வேண்டும். புதிய தலைப்பைப் போட்டால் ஒன்றும் வராது.

அடுத்து ‘அன்றைய அலுவல்’. பெயரைப் பார்த்தால் நிகழ்ச்சி நிரலை ஒப்புக்கொள்ளும் சடங்கு. உண்மையில் ஒவ்வொரு செனட்டரும் ஓரிரு நிமிடம் எழுந்து எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசும் நேரம் இது. காசா, கால்பந்து, தபால் நிலையம், இறந்துபோன முன்னாள் உறுப்பினர் என்று எல்லாம் வரும். ஒரு செனட்டரின் பட்டியலில் பெரும்பகுதி இதுவாகவே இருக்கும். இங்கே துறை அமைச்சர் இருப்பதில்லை. ஆளும் தரப்பின் அவை முன்னவர் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மூச்சில் பதில் சொல்வார். அதனால் இந்தப் பகுதியிலிருந்து ஒரு மேற்கோளை எடுத்து ‘அரசிடம் வலியுறுத்தினார்’ என்று எழுதினால் அது மிகை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அலுவல் வரிசைக்கே திருத்தம் கொண்டுவந்து, ‘இந்த விஷயம் பற்றி அமைச்சர் இன்றே அவைக்கு வரவேண்டும்’ என்று ஒருவர் முன்மொழியலாம். இன்னொருவர் வழிமொழிந்தால் அது வாக்கெடுப்பு வரை போகலாம். இங்கு பேச்சோடு நிற்காமல் மற்றவர்களை ஆமாம், இல்லை என்று சொல்ல வைக்கிறார் அந்த செனட்டர். பட்டியலில் இரண்டும் ஒரே தலைப்பின் கீழ்தான் தெரியும். உள்ளே போய்த்தான் பிரித்தறிய வேண்டும்.

மசோதா விவாதங்களுக்கு வருவோம். இங்குதான் மேலவையின் உண்மையான வேலை நடக்கிறது, படிப்பதற்குக் கடினமான பகுதியும் இதுவே. இரண்டாம் நிலையில் ஒவ்வொருவரும் ஒருமுறை, கொடுத்த நேரத்துக்குள், மசோதாவின் கொள்கையைப் பற்றிப் பேசுவார்கள். குழு நிலையில் பிரிவு பிரிவாக, திருத்தம் திருத்தமாகப் போகும், ஒருவர் எத்தனை முறையும் எழலாம். டாயிலில் இந்தக் குழு நிலை பெரும்பாலும் தனிக் குழுவில் நடக்கும். ஷானட்டில் முழு அவையிலேயே நடக்கிறது. அறிக்கை நிலையில் மறுபடி கட்டுப்பாடு: ஒருவர் ஒருமுறைதான் பேசலாம், திருத்தத்தை முன்மொழிந்தவருக்கு மட்டும் பதிலுரை உண்டு, அரசு கொண்டுவராத ஒவ்வொரு திருத்தத்துக்கும் வழிமொழிபவர் வேண்டும். ஒரே செனட்டர் குழு நிலையில் நாற்பது பதிவும் அறிக்கை நிலையில் மூன்று பதிவும் வைத்திருந்தால் அவர் ஆர்வம் குறைந்துவிட்டது என்று பொருளில்லை, விதி மாறியிருக்கிறது.

குழு நிலையைப் படிக்கும்போது பதிவை மட்டும் திறந்து வைத்தால் பாதி புரியாது. ‘7-ஆம் பக்கம், 23-ஆம் வரி’ என்ற வகையில்தான் திருத்தம் தொடங்கும். அதே தளத்தின் மசோதாப் பகுதிக்குப் போய் மூன்று தாள்களை எடுத்து வையுங்கள். ஒன்று, அந்த நிலைக்கு வந்தபோது இருந்த மசோதாவின் பிடிஎஃப். இரண்டு, அந்த நிலைக்கான எண்ணிட்ட திருத்தப் பட்டியல். மூன்று, விவாதப் பதிவு. மசோதாவின் பதிப்பைத் தவறாக எடுப்பதுதான் இங்கு அடிக்கடி நேரும் பிழை. டாயிலில் தொடங்கிய மசோதா என்றால் ஷானட் கையில் இருப்பது டாயில் நிறைவேற்றிய பதிப்பு. முதன்முதல் அறிமுகப்படுத்திய பதிப்பை எடுத்தால் வரி எண்கள் ஒன்றும் ஒத்துவராது.

பதிவில் அடிக்கடி வரும் சில சொற்றொடர்களையும் சரியாகப் படிக்க வேண்டும். ‘அவையின் இசைவோடு திருத்தம் திரும்பப் பெறப்பட்டது’ என்றால் தோற்றுப்போனார் என்று அர்த்தமில்லை. குழு நிலையில் தோற்றுவிட்டால் அதே திருத்தத்தை அறிக்கை நிலையில் கொண்டுவர முடியாது. அதனால் அமைச்சர் ‘பரிசீலிக்கிறேன்’ என்று சொன்னதும் திரும்பப் பெற்று வைத்துக்கொள்வது தெரிந்தவர்களின் நடைமுறை. பிறகு அறிக்கை நிலையில் அரசே அதைத் தன் திருத்தமாகக் கொண்டுவந்ததா என்று பாருங்கள். செனட்டரின் உண்மையான வெற்றி பல சமயம் அங்கேதான் இருக்கும், அவர் பெயரில்லாமல்.

மற்றொன்று, ‘அமைச்சர் ஓராண்டுக்குள் அறிக்கை ஒன்றை அவைகளின் முன் வைக்க வேண்டும்’ என்ற வகைத் திருத்தங்கள். இவற்றை அடுக்கடுக்காகப் பார்க்கும் புது வாசகர், இந்த செனட்டருக்கு அறிக்கைதான் வேண்டுமா என்று கேட்பார். அரசுக் கருவூலத்துக்குச் செலவு வைக்கும் திருத்தத்தை செனட்டர் கொண்டுவர முடியாது, அவைத் தலைவர் ஒழுங்கற்றது என்று தள்ளிவிடுவார். உதவித்தொகையை உயர்த்தச் சொல்ல முடியாதபோது, உயர்த்துவதைப் பற்றி அறிக்கை கேட்கிறார்கள். அதன் பேரில் விவாதத்தை நடத்திவிடுகிறார்கள். பண மசோதாக்களில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். ஷானட்டுக்கு 21 நாள் மட்டுமே, திருத்தம் செய்யும் அதிகாரமும் இல்லை, ‘பரிந்துரை’ மட்டும் அனுப்பலாம். ஆகவே ஆண்டு நிதி மசோதாவில் ஒரு செனட்டர் என்ன கேட்டார் என்று தேடும்போது ‘திருத்தம்’ என்ற சொல்லைப் போடாமல் ‘பரிந்துரை’ என்பதற்கான சொல்லைப் போட வேண்டும். இந்த ஒரு சொல் தெரியாமல் போனால் அந்த விவாதம் முழுவதும் கண்ணில் படாமலே போய்விடும்.

மசோதாப் பகுதியில் எதுவும் கிடைக்காமல் விவாதத்தில் மட்டும் கிடைக்கும் வகையும் உண்டு. 1971-இல் மேரி ராபின்சன், ஜான் ஹோர்கன், டிரெவர் வெஸ்ட் ஆகிய மூவரும் கருத்தடைத் தடையைத் தளர்த்தும் மசோதாவைக் கொண்டுவர முயன்றார்கள். முதல் வாசிப்புக்கே அவை இசைவு தரவில்லை. அதனால் மசோதா அச்சாகவே இல்லை. எழுதிய வாசகம் இல்லாத ஒரு மசோதாவைப் பற்றி அவை எப்படிப் பேசியது என்பதற்கு அந்த நாட்களின் விவாதப் பதிவுதான் சான்று. நாற்காலியில் இருந்தவர் மைக்கேல் யேட்ஸ், ஆனால் மேலே சொன்னபடி அவர் பெயரைப் போட்டால் அந்தப் பக்கம் வராது.

வாக்கெடுப்புப் பதிவு தெளிவாக இருக்கிறது. ‘தா’ என்றால் ஆம், ‘நீல்’ என்றால் இல்லை. இரு பக்கமும் பெயர்கள், இரு பக்கமும் எண்ணியவர்களின் பெயர்கள். பிரான்சிஸ் பிளாக் கொண்டுவந்த, ஆக்கிரமிக்கப்பட்ட நிலப்பகுதிகளில் உள்ள குடியேற்றங்களோடு வணிகத்தைத் தடுக்கும் மசோதாவின் இரண்டாம் நிலை 2018 ஜூலை 11 அன்று 25-க்கு 20 என்று தேறியது. யார் எந்தப் பக்கம் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ஆனால் பெரும்பாலான முடிவுகள் குரல் வாக்கிலேயே முடிந்துவிடுகின்றன, பெயர்ப் பட்டியல் கிடையாது. பட்டியலில் ஒருவர் பெயர் இல்லை என்றாலும் அவசரப்படக் கூடாது. எதிரணியில் ஒருவரோடு இணை போட்டுக்கொண்டு இருவரும் வாக்களிக்காமல் இருக்கும் ஏற்பாடு உண்டு. அது பதிவில் தெரியாது.

செனட்டர்கள் கூட்டுக் குழுக்களிலும் உட்கார்கிறார்கள். அங்கே அதிகாரிகளையும் வல்லுநர்களையும் அழைத்துக் கேட்கும் கேள்விகள் பல நேரம் அவைப் பேச்சைவிடக் கூர்மையானவை. ஆனால் விவாதத் தேடலில் ‘ஷானட்’ என்று வைத்திருக்கும்வரை குழுக்கள் வராது. அவை வகையை மாற்றி இரண்டாவது முறை தேட வேண்டும்.

மொழி ஒரு தனித் தொல்லை. எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே பதிவாகும். அவைக்குள் உடனுக்குடன் ஆங்கில மொழிபெயர்ப்பு காதில் ஒலிக்கிறது, அது அச்சுக்கு வருவதில்லை. ஐரிஷில் அதிகம் பேசும் செனட்டரை ஆங்கிலச் சொற்களால் தேடினால் அவர் பாதி ஆளாகத்தான் தெரிவார். பெயர்களிலும் உயிரெழுத்தின் மேல் விழும் சாய்கோடு முக்கியம். அதோடும் அது இல்லாமலும் இரண்டு முறை தேடிப் பாருங்கள். இந்தத் தளத்தின் மேல் எங்களுக்கு இருக்கும் பெரிய மனக்குறை இது. முதல் அரசு மொழியில் பேசியவரின் பேச்சு, மற்றவர் பேச்சைவிடத் தேடுவதற்குக் கடினமாக இருக்கக் கூடாது.

பதிவின் நம்பகத்தன்மை பற்றி: திக்கல், திரும்பச் சொல்லல், வெளிப்படையான வாய்த்தவறு ஆகியவற்றை நீக்கி, மற்றதை அப்படியே தருவது பதிவாளர்களின் வழக்கம். அன்றைய பேச்சு சில மணி நேரத்தில் பகுதி பகுதியாக ஏறத் தொடங்கும், பிறகு சரிபார்த்த பதிப்பு அந்த இடத்துக்கு வரும். ஆகையால் அன்று மாலையே மேற்கோள் எடுத்தால் சில நாள் கழித்து ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். தொனி முக்கியமான இடத்தில் காணொளியைப் பாருங்கள். குறுக்கீட்டில் நாலு பேர் ஒன்றாகக் கத்தினால் பதிவில் அடைப்புக்குறிக்குள் ‘குறுக்கீடுகள்’ என்ற ஒரே சொல்தான் இருக்கும்.

இருந்தாலும் குறுக்கீட்டோடு கூடிய முழுப் பதிவு கையில் இருப்பதன் அருமை 1925 ஜூன் 11-ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்தால் தெரியும். மணவிலக்கைத் தடுக்கும் முயற்சியை எதிர்த்து யேட்ஸ் ஆற்றிய உரை அது. தொகுப்புகளில் சிறுபான்மைச் சமூகத்தைப் பற்றிய அதன் உச்சப் பகுதி மட்டும் தனியாக ஒளிரும். அவைப் பதிவிலோ அவர் அப்போது டப்ளின் வீதியில் சிலையாக நின்ற மூவரான அயர்லாந்து அரசியல் தலைவர்கள் ஓ’கானல், பார்னெல், பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் ஆகியோரின் சொந்த வாழ்க்கையை இழுக்கிறார். அவைத் தலைவர் கிளெனாவி பிரபு இடைமறித்து, இறந்தவர்களை விட்டுவிடலாமே என்ற பொருளில் கேட்கிறார். யேட்ஸ் விடவில்லை. மெருகேற்றிய கட்டுரையைப் படிப்பதற்கும், எதிர்ப்பை நேரில் எதிர்கொண்டபடி ஒருவர் பேசுவதைப் படிப்பதற்கும் உள்ள தூரம் அந்த ஒரு பக்கத்தில் புலப்படும்.

மாற்றுச் சேவை ஒன்றும் இருக்கிறது. கில்டேர்ஸ்ட்ரீட் என்ற தளம், நாடாளுமன்றம் இருக்கும் தெருவின் பெயரைக் கொண்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்காக எழுதப்பட்ட திறந்த மென்பொருளைக் கொண்டு தன்னார்வலர்கள் கட்டியது. ஒரு பெயரையோ சொல்லையோ பதிந்து வைத்தால் அது அவையில் வரும்போது மின்னஞ்சல் அனுப்பும் வசதிதான் அதன் பலம். தேடல் முடிவில் பேச்சின் துணுக்கு உடனே தெரிவதால் மேலோட்டமாகப் பார்த்துச் செல்ல எளிது. 2000-களுக்கு முன்னுள்ள காலத்துக்கு அது உதவாது, யேட்ஸும் ராபின்சனும் அங்கே இல்லை. நோரிஸின் முதல் பத்தாண்டும் இல்லை. கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்துங்கள், மேற்கோள் காட்ட எரக்டஸ் தளத்துக்கே திரும்புங்கள்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு எரக்டஸின் திறந்த ஏபிஐ, அதாவது நிரல் வழியே தரவைக் கேட்டுப் பெறும் வசதி, இருக்கிறது. சாவி எதுவும் வாங்க வேண்டாம். உறுப்பினர், விவாதம், மசோதா, வாக்கெடுப்பு என்று தனித்தனி வாயில்கள். விவாத வாயில் பேச்சின் வாசகத்தைத் தராது, தலைப்புகளையும் எக்ஸ்எம்எல் கோப்பின் முகவரியையும் தரும். கோப்பைத் தனியாக இறக்கி அதிலிருந்து பேச்சாளர் வாரியாகப் பிரிக்க வேண்டும். ஒரு அழைப்புக்கு இத்தனை என்று வரம்பு இருப்பதால் அதை உயர்த்தாமலோ அடுத்தடுத்த பக்கங்களைக் கேட்காமலோ விட்டால் முதல் துண்டு மட்டும் வந்து, முழுதும் வந்ததுபோல் இருக்கும். உறுப்பினரின் அடையாளக் குறியீட்டில் பெயரும், முதலில் நுழைந்த அவையின் எழுத்தும், நுழைந்த தேதியும் இருக்கும். செனட்டராக நுழைந்து பிறகு டாயிலுக்குப் போனவர் அந்தப் பழைய எழுத்தோடேயே தொடர்வார். அந்த எழுத்தைக் கொண்டு அவையைப் பிரித்தால் முடிவு தவறும். அவையைத் தனி அளவுருவாகக் கொடுப்பதே சரி.

மேற்கோள் குறிக்கும்போது சுட்டியை மட்டும் நம்பாதீர்கள். தளம் முன்பு மாற்றி அமைக்கப்பட்டபோது பழைய கட்டுரைகளில் இருந்த சுட்டிகள் பல பயனற்றுப் போயின. அவை, தேதி, விவாதத் தலைப்பு, தொகுதி எண், இதழ் எண் ஆகிய ஐந்தையும் எழுதி வைத்தால் சுட்டி போனாலும் பக்கத்தை மீட்கலாம்.

இந்தச் சேவையை நடத்துபவர்களிடம் கேட்க இரண்டு உண்டு. உறுப்பினர் பக்கத்துப் பட்டியலில் ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் அது எந்த வகை என்று ஒரு சொல் இருக்கட்டும்: தொடக்க விவகாரம், அன்றைய அலுவல், இரண்டாம் நிலை, குழு நிலை. நாற்காலியில் இருந்து சொன்னவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். இரண்டுக்கும் தேவையான விவரம் ஏற்கெனவே பதிவுக்குள் இருக்கிறது, பட்டியலில் மேலெழுந்து வரவில்லை, அவ்வளவே. 2013 அக்டோபர் 4 அன்று இந்த அவையை ஒழிக்கலாமா என்று மக்களிடம் கேட்டபோது 51.7 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வைத்திருக்கச் சொன்ன அந்த மக்களுக்கு, உள்ளே இருப்பவர் என்ன செய்கிறார் என்று பத்து நிமிடத்தில் சரியாகப் பார்க்க வழி இருக்க வேண்டும்.